ஊசிக்கு முந்தைய வருடம்

மகள் பிறந்த வருடத்தில்தான் என் கணவர் எனக்கு மிக நெருக்கமாக இருந்தார். திண்டிவனத்தில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் கடையைச் சாத்தியதும் கூட்டாளிகளோடு கிளம்பிவிடுவார். எப்போது வருவார் என்று தெரியாது. குழந்தை வந்த பிறகு பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருந்தார். கால்களை நீட்டி அவளைக் கிடத்தித் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். எனக்குப் பிரசவத் தையல் வலித்தால் கேட்காமலே வெந்நீர் வைப்பார். அவருக்கு லேசாகத் தொந்தி விழுந்தது. ஒரே அசதி என்பார். என்னை நாடுவதும் குறைந்துபோனது. எனக்கு அது குறையாகவே படவில்லை. அவருக்குப் பட்டது.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆண் ஹார்மோன் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அப்பாவான பலருக்கும் நடப்பதுதான், நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும், "நான் ஆம்பளயே இல்லன்னு சொல்லாம சொல்லிட்டாரு" என்றார்.

"எனக்கு நீங்க இப்படி இருக்கிறதுதாங்க புடிச்சிருக்கு."

"பாவம் பாத்து பேசாத."

பாவமில்லை, ஆசைதான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜிம்மில் பழகிய ஒருவர் பேச்சைக் கேட்டு, புதுச்சேரிக்குப் போய் ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். தோள் இறுகியது, நடை மாறியது. கூட்டாளிகளும் திரும்பி வந்தார்கள். குழந்தை அழுதால், "பேஜாரா இருக்கு, தூக்கிக்கினு போ" என்பார். என்னிடமும் வந்தார். ஆனால் முடிந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். முன்பு அந்த நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொண்டிருப்போம்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்பட்டோம். கரு நிற்கவேயில்லை. அதே டாக்டரிடம் மறுபடி போனபோதுதான் என் கணவர் அவரிடம் ஊசி விஷயத்தைச் சொன்னார். அதுதான் விந்தணுவை ஒடுக்கிவிட்டது என்றார் டாக்டர். நிறுத்தினால் பழையபடி ஆகலாம், ஆக நாளாகலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்தேன், மெதுவாக விலக்கிக்கொண்டார்.

ஊசியை நிறுத்திவிட்டார். அசதி திரும்பி வந்தது. அந்தப் பழைய இதம் வரவில்லை. இன்னும் பிள்ளையும் இல்லை. எங்களுக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது. மகள் அவரிடம் எதையாவது கேட்பதற்கு முன் என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.