வாய்விட்டுச் சொல்லவும்

சுவீடனின் வடக்கே, எங்கள் பக்கத்தில், ஆமாம் சொல்ல யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. உதட்டைக் குவித்துக் காற்றை வெடுக்கென்று உள்ளே இழுப்பார்கள். ‘ஷ்ஷுப்’. அவ்வளவுதான் ஆமாம். நாட்டின் தெற்கிலிருந்து வந்த எனக்குப் பன்னிரண்டு வருடமாகியும் அதைக் கேட்டால் எரிச்சல்தான். அவசர அழைப்பு மையத்துக்கு மேற்பார்வையாளன் ஆனதும், ‘ஆமாம் என்பதை வாய்விட்டுச் சொல்லவும்’ என்று அச்சடித்து எல்லார் மேசையிலும் வைத்தேன்.

குன்வோர் மட்டும் மசியவில்லை. இருபத்தாறு வருடமாக அங்கே அழைப்பு எடுப்பவள். கழுத்து அறுவை சிகிச்சையில் ஒரு குரல்நாண் செயலிழந்து, ஒரு வருடம் குரலில்லாமல் கிடந்தவள்.

“ரெண்டு நாணும் சேந்து மூடினாத்தான் கீழ காத்து முட்டும். முட்டினாத்தான் குரல். எனக்கு ஓட்டை டயர் மாதிரி ஒழுகிப்போச்சு. உள்ள இழுக்கிற இந்த ஒரு ஆமாமை வச்சுத்தான் அந்த வருஷம் குடும்பம் நடத்தினேன். உன் காகிதத்தை நீயே வச்சுக்க, தெற்கத்தி துரை.”

மார்ச் மாதம், ஒரு மதியம், அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. நானும் மைக் வைத்த ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். பேச்சே இல்லை, வெறும் காற்றுச் சீறல். யாரோ சட்டைப்பையில் கிடந்த போனை அமுக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, வெட்டச் சொல்லிச் சைகை காட்டினேன். அவள் கையை உயர்த்தி என்னை அடக்கினாள்.

“பேச முடியலையா?”

ஷ்ஷுப்.

“கழுத்துல அடியா? பனி ஸ்கூட்டர்ல வந்து கம்பியில மாட்டிட்டீங்களா?” உறைந்த ஏரிகளில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் குறுக்கே கிடக்கும் வேலிக்கம்பியில் கழுத்தை மாட்டிக்கொள்வது இங்கே வருடாவருடம் நடப்பது.

ஷ்ஷுப்.

நான் வெட்டச் சொன்னது ஒரு மனிதனை. குன்வோருக்கோ வேறு கவலை. இந்த ஊர்க்காரர்கள் மரியாதைக்கும் ஆமாம் போடுவார்கள், ‘கேட்கிறேன்’ என்பதற்கும் அதையே போடுவார்கள். இவன் எதற்கு இழுக்கிறான்?

“ஸ்கூட்டர்ல யானையை ஏத்திட்டு வந்தீங்களா?”

சத்தமில்லை.

“நல்லது, தெளிவா இருக்கீங்க.”

போன் சிக்னல் மூன்று ஏரிகளைக் காட்டியது. தேடவே ஒரு மணி நேரமாகும்.

“கரடி ஏரியிலயா?” சத்தமில்லை. “வாத்து ஏரியிலயா?”

ஷ்ஷுப். இந்த முறை அதன் வாலில் ஒரு விசில் இருந்தது. குன்வோர் என் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, ‘தொண்டை உள்ளே வீங்குது’ என்று எழுதிக் காட்டினாள்.

“ஹெலிகாப்டர் கிளம்பியாச்சா?” என்று என்னைக் கேட்டாள். கிளம்பிவிட்டதாகச் சொன்னேன். “தொண்டை டாக்டர் கூட வர்றாரா?” வருவதாகச் சொன்னேன்.

“இனிமே ஆமாம் சொல்லாதீங்க. மூச்சை மெதுவா இழுத்தாப் போதும்.”

ஷ்ஷுப்.

“சொல்லாதீங்கன்னா சொல்லாதீங்க!” என்று கத்தியவளின் கண் கலங்கிவிட்டது.

பிறகு பதினோரு நிமிடம், நூல்போன்ற அந்த விசில் மட்டும். அது நின்றுவிடுமோ என்று பயந்து செத்தேன். கடைசியில் ஹெலிகாப்டரின் இரைச்சல் அதை மூழ்கடித்தது. தொண்டையில் துளையிட்டு ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஹில்டிங் என்று ஒரு தபால்காரர்.

மறுவாரம் மேலதிகாரிகள் முன்னால் ஒலிப்பதிவைப் போட்டார்கள். குன்வோரின் குரல் கேட்டது: “ஹெலிகாப்டர் கிளம்பியாச்சா?” அடுத்து என் பதில் வரவேண்டும்.

ஷ்ஷுப்.

“தொண்டை டாக்டர் கூட வர்றாரா?”

ஷ்ஷுப்.

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. குன்வோர் என் பக்கம் சாய்ந்தாள்.

“வாய்விட்டுச் சொல்லு, துரை.”