சித்தமானால் என்று நான் சொன்னதும் அவர்கள் கேட்டதும்

எங்கள் வீட்டுக்கார அம்மாள் ஒரே மூச்சில் ஐந்து 'ங்க' போடுவார். "ஏனுங்க வாத்தியாரே, தண்ணி வந்துச்சுங்களா? புடிச்சுப்போட்டீங்களா? நம்மளுக்கு ரெண்டு கொடம் உடுங்க, செரிங்களா?" கோயமுத்தூர் கணபதிக்கு வந்து ஆறாவது வருடம் ஆகிறது, இன்னும் விரல் தானாக எண்ணுகிறது. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் 'இல்லை' என்றால் தெருக்கோடிக்குக் கேட்கும். இங்கே மறுப்பதற்கும் சம்மதிப்பதற்கும் ஒரே மரியாதை.

நயா பைசா புதிதாக வந்த சமயம் அது. என் மகள் கிருபைக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. நான் மனைவியை அடக்கம் செய்து, தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றிருந்தேன். கிருபையோடு வீடு தேடி அலைந்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று தெரிந்ததும் நாலு வீட்டில், "வேதக்காரருங்களா? பாத்துச் சொல்றமுங்க" என்றார்கள். சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அது மறுப்பு என்று ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி சிரித்துக்கொண்டே விளக்கிய பிறகுதான் விளங்கிற்று. ஐந்தாவதாக நாங்கள் போய்க் கேட்ட இந்த வீட்டுக்காரர் ரங்கநாயகி அம்மாள், வீட்டுக்குள் தெலுங்கு பேசும் நாயுடு குடும்பம், "வாங்க, இருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

இந்த வருடம் தை பிறந்ததும் அவர் கேட்டார்: "அடுத்த வருசமும் இருக்கறீங்களாங்க?"

"கர்த்தருக்குச் சித்தமானால் இருப்போம்" என்றேன். நம் ஊரில் அப்படிச் சொல்லாமல் ஒரு காரியம் பேச மாட்டோம். நாளை நம் கையில் இல்லை அல்லவா?

"செரிங்க, கேட்டுச் சொல்லுங்க" என்றார். கிருபையிடம் கேட்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு முடிந்தது என்றும் நினைத்தேன்.

மாசியில் மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் வந்து எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார், சமையலறையை எட்டிப் பார்த்தார். அவர் போனதும் ஓடிப்போய்க் கேட்டேன். ரங்கநாயகி அம்மாளுக்குத்தான் என்மேல் வருத்தம்.

"நானுந்தான் காத்துட்டிருக்கறனுங்க. உங்க சாமி என்ன சொன்னாருங்க?"

"என்னது?"

"கேட்டுச் சொல்லுங்கன்னு அன்னிக்கே சொன்னனுங்களே. எத்தன நாளுக்குத்தான் அவரு வாயத் தொறக்காம இருப்பாரு?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. இவர்கள் முக்கியமான எதற்கும் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டணம் கட்டிச் சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. நாங்களும் அப்படி ஏதோ கேட்டுப் பதில் வாங்குவோம் என்று நம்பி, ஒன்றரை மாதமாக வேறு ஆளுக்கு வாக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்.

"வேணும்னா உங்களுக்கும் சேத்தி நானே பூக் கேட்டுப்போடட்டுங்களா?"

"ஐயோ, அது எங்களுக்கு ஆகாது!" என்று பதறிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "எங்க சாமி உங்களுக்கு ஆகாதுங்களா? செரி. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லிப்போடுங்க." அந்த வாக்கியத்தில் 'ங்க' குறைந்திருந்தது.

பயம் வந்துவிட்டது. உண்மையில் எனக்கு ஊருக்குத் திரும்ப வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்குப் பக்கத்தில் எனக்கென்று இடம் விட்டிருக்கிறேன். ஆனால் நான் போனால் கிருபையால் தனியாக ஒரு வீடு பிடிக்க முடியாது. ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு கட்டில்தான். அவளிடம் கேட்டேன்.

"ஊருக்குப் போணும்னா போங்கப்பா" என்றாள். "ஆனா எனக்காவ இருக்கேன்னு மட்டும் சொல்லிராதீங்க. பொறவு தெனமும் அதையே சொல்லிக் காட்டுவீய."

சனிக்கிழமை சாயங்காலம் முழங்கால் போட்டேன். 'போ' என்றோ 'இரு' என்றோ ஒரு வார்த்தை வேண்டும் ஆண்டவரே என்று மன்றாடினேன். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் இன்னொரு சத்தம்: சமையலறையில் கிருபை, என் ஜெபம் கலையக் கூடாதென்று, பாத்திரங்களை ஒவ்வொன்றாக மெதுவாக இறக்கி வைக்கும் சத்தம். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் விரும்பிய பதில் அது இல்லை.

ஞாயிறு ஆராதனைக்குப் போகும் முன்பே அம்மாள் வீட்டுப் படியேறிச் சொன்னேன்: "இருக்கிறோம்."

"சாமி சொல்லிப்போட்டாருங்களா?"

"வாயால் சொல்லவில்லை. இருக்கிறோம். அவருக்கு வேறு சித்தமிருந்தால் அவரே எழுப்பிக் கொண்டுபோகட்டும்."

ரங்கநாயகி அம்மாள் சிரித்துவிட்டார். உள்ளே போய், இலையில் சுற்றி நாரால் கட்டிய சிறு பொட்டணம் ஒன்றைக் கொண்டுவந்தார். "கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே. நீங்க ஆகாதுன்னதுக்கு முந்தின நாளே கேட்டு எடுத்துப்போட்டனுங்க; சொல்லக் கூச்சப்பட்டுத்தான் கேக்கட்டுங்களான்னு கேட்டனுங்க. நான் பிரிக்கல. உங்களுது, நீங்களே பாத்துக்குங்க."

எறிந்தால் அந்த அம்மாளை அவமதித்ததாகும். பிரித்தால் கொடுத்த வார்த்தையை இன்னொரு வாசலில் சரிபார்ப்பதாகும். ஜன்னல் மேல் வைத்தேன். இலை காய்ந்து சுருண்டுவிட்டது, நார் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. வெள்ளையா சிவப்பா என்று தெரியாமலே அதன் கீழே உட்கார்ந்து வேதம் வாசிக்கிறேன். ஊரில் என் மனைவிக்குப் பக்கத்து மண்ணும் இன்னும் தோண்டப்படாமல்தான் கிடக்கிறது.