முதற்பலனாகப் போன சிமிழ்

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்து வாய் தானாகப் பேச ஆரம்பிக்கும். அதற்கும் அடுத்து, கை எந்தக் காரியத்தைச் செய்யக்கூடாதோ அதைத் தேடிப்போய்ச் செய்யும். இந்த மூன்றும் வரிசை தவறாமல் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையன்று நடந்தன. பார்க்காத ஆள் ஊரில் இல்லை. காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர்கூட, பார்த்தேன் என்றுதான் இன்றுவரை சொல்லித் திரிகிறார்.

அப்போது நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். பகலெல்லாம் சர்க்கார் தாளில் பேனா ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், எதையாவது சுழற்றவேண்டும் என்று கால் துறுதுறுக்கும். சுசீந்திரம் பக்கத்துத் தையல்காரர் ஒருவர் தம் மிஷினின் தலையை மட்டும் விற்றுவிட்டு, சக்கரத்தையும் கால்மிதியையும் மழையில் போட்டிருந்தார். அதை நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எங்கள் விறகுப்புரையில் அதை நிறுத்தி, மேலே புளியமரக் கட்டைகளைப் பூட்டி, தோல்வார் மாட்டி, ஒரு கடைசல் எந்திரம் செய்துவிட்டேன். மிதித்தால் மரக்கட்டை சுழலும். சுழலும்போது உளியை வைத்தால் உருண்டையாகச் சீவும். இவ்வளவுதான் தத்துவம். இதற்காக விறகு வெளியே போய் மழையில் நனைந்தது, அடுப்பு புகைந்தது, என் மனைவியின் கண் சிவந்தது. அந்தக் கண்ணோடு அவள் என்னைப் பார்த்ததைப் பற்றி எழுதவேண்டாம்.

ஆரம்பத்தில் எடுத்த கட்டைகள் ஒன்றும் பொருளாகவில்லை. கட்டில் காலென்று தொடங்குவேன். ஓரிடத்தில் உளி ஆழமாகக் கடித்துவிடும். அதைச் சரிசெய்ய எல்லா இடத்தையும் சீவுவேன். கட்டில் கால் தொட்டில் காலாக மெலியும், தொட்டில் கால் மோர் மத்தாக மெலியும், கடைசியில் பல்லுக்குத்தத்தான் உதவும். சில கட்டைகள் அதற்கும் பொறுக்காமல் பாதியிலேயே எந்திரத்தைவிட்டுப் பறந்தன. ஒன்று கூரையைத் துளைத்துக்கொண்டு போயிற்று. எங்கள் கோழிகள் விறகுப்புரை வழியை விட்டுவிட்டுப் பக்கத்து வீடு வழியாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டன.

அப்படியிருக்கையில், ஒரு காற்றில் எங்கள் பின்புறத்துப் பலாவின் கிளை முறிந்து விழுந்தது. மஞ்சள் மரம், பால் சொட்டிக்கொண்டிருந்தது. குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக் கணக்கு பார்த்துவந்த என் மனைவியின் அண்ணன், மரமென்றால் ஒரு கோடையாவது நிழலில் காயவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். ஒரு கோடை! எனக்கு ஒரு காப்பி ஆறுகிற நேரமே அதிகம். அன்றே கிளையை அறுத்து எந்திரத்தில் பூட்டினேன். பச்சை மரம் முள்ளங்கி சீவுவதுபோல் வந்தது. சீவல் சுருள் சுருளாக எழுந்து என் தலைமயிரில் தொங்கியது. சாயங்காலத்துக்குள், எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிமிழ், அதற்கு மேலே மொட்டு வைத்த ஒரு மூடி. மூடினால் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். இழுத்தால் இன்னொரு ‘ப்ளக்.’ என் கையிலிருந்து உருவத்தோடு வந்த முதல் பொருள். நான் சாப்பிடவில்லை, ப்ளக் ப்ளக்கென்று திறந்து மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

‘இதுக்குள்ள போடுததுக்கு வீட்டுல என்னதான் இருக்கு?’ என்று என் மனைவி கேட்டாள்.

இருந்தது. அன்று காலைதான் அவள் தன் காதுக் கம்மலைக் கழற்றி, திருகாணி தளர்ந்திருக்கிறது, நாகர்கோவில் தட்டானிடம் கொடுத்து இறுக்கிக்கொண்டு வாருங்கள் என்று தந்திருந்தாள். சிவப்புக்கல் பதித்த ஜோடி. கல்யாணத்துக்கு அவள் அம்மை போட்டது. அவள் அடுப்படிக்குப் போனதும் நான் கம்மலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சிமிழுக்குள் இட்டேன். வெறும் சிமிழை மூடுவதில் என்ன கம்பீரம் இருக்கிறது? ப்ளக். பிறகு மூடியின் மேலும் உடம்பின் மேலும் தேன்மெழுகைத் தடவி, சூட்டில் மெழுகு நன்றாக ஊறட்டும் என்று அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன்.

பச்சை மரம் காயும்போது சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரேபோல் சுருங்காது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். உருண்டையாக இருந்த சிமிழ் அடுப்புச் சூட்டில் கோழிமுட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. மூடியும் முட்டையாகியிருந்தது, ஆனால் வேறு திசையில். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, பிரிக்க முடியாத தம்பதியாகிவிட்டன. நான் முழங்காலுக்கிடையில் வைத்துத் திருகினேன். பல்லால் இழுத்தேன். கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினேன். உள்ளே கம்மல் மட்டும் ‘கிலுக் கிலுக்’ என்றது. தட்டான் என்றைக்குத் தருவார் என்று என் மனைவி கேட்டபோது, காப்பியை ஊதுகிற பாவனையில் தலையை ஆட்டினேன். அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

உளியால் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும். அதுதான் என்னால் முடியவில்லை. பறந்துபோன கட்டைகளுக்கெல்லாம் பிறகு பிறந்த ஒரே பிள்ளை அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு பிளந்துவிடலாம் என்று முடிவுசெய்தேன்.

அந்த ஞாயிறுதான் அறுப்பின் பண்டிகை. எங்கள் சபையில், வீட்டில் முதலில் கிடைத்தது எதுவானாலும் அது ஆண்டவருக்கு. முதல் குலை, முதல் முருங்கைக்காய், கோழியின் முதல் முட்டை, புதுத் தறியில் நெய்த முதல் துண்டு. ஆராதனைக்குப் பிறகு எல்லாவற்றையும் ஏலம் போட்டு, பணத்தைச் சபைக்கு எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் எல்லோருக்கும் அசனம், அதாவது ஊரே கூடி உண்ணும் விருந்து. நான் பந்தல் கட்ட விடியற்காலமே போய்விட்டேன். பிறகு ஆராதனையில் கண்ணை உயர்த்திப் பார்த்தால், பலிபீடத்துக்கு முன்னால் பூசணிக்காய்க்கும் கதலிக்குலைக்கும் நடுவில் என் சிமிழ், மெழுகு பளபளக்க உட்கார்ந்திருந்தது. பெண்கள் பக்கம் திரும்பினேன். என் மனைவி பெருமையோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் அம்மை. என் காது சிவந்தது.

எங்கள் ஏலத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒருவன் ஒரு பொருளுக்கு ஆசைப்படுகிறான் என்று தெரிந்துவிட்டால் போதும், மற்றவர்கள் விடமாட்டார்கள். பணம் ஆண்டவருக்குத்தானே போகிறது; ஆகவே ஒருவனை வேகவைத்து வேடிக்கை பார்ப்பதில் பாவமில்லை. ஒரு வருஷம் ஒரு எலுமிச்சம்பழம் ஆட்டுக்குட்டி விலைக்குப் போயிருக்கிறது. ஆகவே வேண்டிய பொருளை வேண்டாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்கவேண்டும். இது பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

ஏலம் போட்ட உபதேசியார் சிமிழைத் தூக்கிக் காதருகே ஆட்டினார். கிலுக் கிலுக். திறக்கப் பார்த்தார். முடியவில்லை. பிள்ளைகள் உள்ளேயிருக்கும் கல்லை எடுத்து விழுங்காதபடி செய்திருக்கும் அருமையான கிலுக்கு இது என்று சபைக்கு விளக்கினார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் எழுந்து, ‘ஒரு சக்கரம்’ என்று அந்தக் காலத்துத் திருவிதாங்கூர்ச் சில்லறையில் கத்திவிட்டேன்.

சபை திரும்பிப் பார்த்தது. செய்தவனே கேட்கிறான். பின்வரிசையில் யாரோ, அதற்குள்ளே என்னமோ இருக்கிறது என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னுடையது கொஞ்சம் அழுகைபோல் வந்தது.

என் பக்கத்திலிருந்த மனைவியின் அண்ணன் சோம்பலாகக் கையைத் தூக்கினார். அவருக்கு ஏழு மாதத்தில் ஒரு குழந்தை. நான் ஏற்றினேன். அவர் ஏற்றினார். சக்கரத்தைத் தாண்டி ரூபாய்க்குப் போயிற்று. ‘அத்தான், விட்டிருங்க’ என்று காதோடு கெஞ்சினேன். கெஞ்சக்கூடாது, அதுவே எங்கள் ஊர் ஏலத்தில் எண்ணெய் ஊற்றுவது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் மறுபடியும் ஏற்றினேன். யாரும் பேசவில்லை. அந்த அமைதியைத் தாங்கமாட்டாமல் இன்னும் ஏற்றினேன்.

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினார். ‘இப்பம் கேட்டது நீங்கதான். உங்களுக்கு மேல நீங்களே கேக்கியளா?’

சபை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் அத்தான் நிதானமாக ஒரு தொகை சொல்லி, சிமிழை எடுத்துக்கொண்டார்.

நான் அவரை ஆலயத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். அவர் சத்தமில்லாமல் சிரித்து, தென்னையில் சாய்ந்து, பிறகு தென்னையடியில் உட்கார்ந்தே விட்டார்.

‘அம்மைக்குத் தெரியுமா மாப்பிள?’

‘தெரிஞ்சா நான் இங்க நிப்பேனா?’

அவர் நல்ல மனுஷர். ஒரு வெட்டுகத்தி வாங்கிவந்து பிளந்துவிடுவோம் என்றார். அங்கே என் கை ஆரம்பித்தது. வெட்டுகத்தி எதற்கு? காய்ந்ததால் பிடித்த மரம், ஈரம் பட்டால் விடாதா? ஆவியில் காட்டினால் போதும் என்றேன். அந்த யோசனை சரியானது; அதை இன்றும் சொல்லுவேன். பந்தலுக்கடியில் சோறு வடித்து மூடிவிட்டார்கள். வாய் திறந்து ஆவி பறந்துகொண்டிருந்தது ஆட்டுக்கறிக் குழம்பு அண்டா ஒன்றுதான். சமையல்காரர் தேங்காய் எடுக்கத் திரும்பிய நேரத்தில் நான் அண்டாவின்மேல் குனிந்து, சிமிழைத் துணியில் பிடித்து, ஆவிக்குள் நீட்டினேன். கண் எரிந்தது. மசாலா மூக்கிலேறியது. மரம் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்வது விரலில் தெரிந்தது. மூடியைத் திருகினேன்.

ப்ளக்.

அத்தனை அழகான ‘ப்ளக்’ அதற்கு முன்பு வந்ததேயில்லை. கம்மல் இரண்டும் குழம்பில் விழுந்த சத்தம் அதற்குள் கேட்கவேயில்லை.

அத்தான் அகப்பையை எடுத்தார். நான் இன்னொன்றை எடுத்தேன். இரண்டு பேரும் அண்டாவைக் கடைந்தோம். ஒரு கம்மல் அகப்பையில் வந்தது. இரண்டாவதைத் தேடுகையில் சமையல்காரர் வந்து, கறியெல்லாம் கூழாகிவிடும் என்று அகப்பைகளைப் பிடுங்கிக்கொண்டார். விருந்துக்கு மணியடித்தாயிற்று. ஊர் பந்தியில் உட்கார்ந்துவிட்டது. யாராவது விழுங்கிவிட்டால்? சொல்லாமல் இருக்க முடியாது. நான் உபதேசியாரிடம் சொன்னேன். சொல்லத் தொடங்கினால் என் வாய் நிற்காதே. பலாக்கிளையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பந்தியிலிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறேதாவதா என்று அங்கிருந்து தெரியவில்லை.

உபதேசியார் ஜெபம் செய்தார். முடிவில், இன்று யாரும் அவசரப்பட்டு விழுங்கவேண்டாம் என்று சேர்த்துக்கொண்டார்.

அப்படி ஒரு விருந்தை எங்கள் சபை கண்டதில்லை. ஊர் முழுவதும் கண்ணை மேலே செருகிக்கொண்டு, மாடு அசைபோடுவதுபோல் மென்றது. ஒவ்வொரு எலும்பும் வாயிலிருந்து வெளியே வந்து வெளிச்சத்தில் சோதிக்கப்பட்டது. ஒருவர் ‘கிட்டிச்சு’ என்றார், அது ஏலக்காய். பல்லே இல்லாத ஒரு பெரியவர் எதிரில் உட்கார்ந்து, கறியை அப்படியே தொண்டைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் தொண்டை ஏறி இறங்கும்போதெல்லாம் என் உயிரும் ஏறி இறங்கியது. இரண்டாம் முறை பரிமாறினார்கள். அண்டா தீர்ந்தது. அடியைச் சுரண்டினார்கள். கம்மல் இல்லை. எல்லோருடைய பார்வையும் பெரியவரின் வயிற்றில் போய் நின்றது. அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

அப்போது என் மாமியார் எழுந்தாள். கல்யாணமானது முதல் அவள் என்னோடு நேராகப் பேசியதில்லை. அது அவர்கள் வீட்டு மரியாதை. எனக்குச் சொல்லவேண்டியதை மகளிடம் சொல்லுவாள், மகள் இல்லாவிட்டால் கதவிடம் சொல்லுவாள். இப்போது பந்தியைத் தாண்டி வந்து, என் இலைக்கு முன்னால் நின்று, என் இலையைப் பார்த்தாள்.

‘மருமவனே, ஊரு முழுக்க தின்னு முடிச்சாச்சு. நீங்க இன்னும் தின்னல்லியே.’

பயத்தில் நான் ஒரு பருக்கை தொட்டிருக்கவில்லை. சோறும், அதன்மேல் ஊற்றிய குழம்பும், நாலு துண்டுக் கறியும் அப்படியே ஆறிக் கிடந்தன. ஊர் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டது. பெரியவரும் கையைக் கழுவாமல் வந்து நின்றார். நான் முதல் துண்டைக் கடித்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவதைக் கடித்தேன். ‘கடக்’ என்றது. அது என் பல்.

அதற்குப் பக்கத்தில் கம்மல்.

மாமியார் கையை நீட்டினாள். உடைந்த பல் துண்டையும் கம்மலையும் சேர்த்து அந்தக் கையில் வைத்தேன். அவள் பல்லை மட்டும் எடுத்து என் இலையோரத்தில் திருப்பி வைத்தாள். அவள் தோள் குலுங்குவதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கப்புறம் பந்தலில் யார் சிரிக்கவில்லை என்று சொல்லுவது சுலபம்: சமையல்காரர் ஒருவர்தான்.

என் மனைவி இரண்டு கம்மலையும் வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டாள். வீடு போய்க் கழுவிவிட்டுப் போடலாமே என்றேன். ‘வேண்டாம். இது உங்க கண்ணுல பட்டாப் போதும், கையில இருக்கப்படாது’ என்றாள். வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தபோது அவள் முன்னால் போனாள். நான் நாக்கால் உடைந்த பல்லைத் தடவிக்கொண்டு பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நெல்வயலைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துத் தீர்ந்து நடப்பாள், மறுபடியும் நிற்பாள். அந்தச் சிவப்புக்கல்லின் ஓரத்தில் ஒரு கொத்தமல்லித் துணுக்கு ஒட்டிக்கொண்டு, வீடுவரைக்கும் அவள் காதில் ஆடிக்கொண்டே வந்தது.