ஊர் மெசேஜெல்லாம் என் நம்பருக்கு

ஆன்லைன் சென்டர் நடத்துறவனுக்கு ரெண்டு சாமி: ஒண்ணு மலைமேல, இன்னொண்ணு சர்வர். மலைமேல இருக்கிறவரையாவது வரிசையில நின்னா என்னைக்காவது பார்த்துடலாம். திருப்பதிப் பக்கத்துல இருக்கிற ஆந்திரா புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால எட்டு வருசமா கடை போட்டு உட்கார்ந்திருக்கேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பென்சன், எதுவானாலும் ஜனங்க முதல்ல என் கதவைத்தான் தட்டுறாங்க. இதே தொழில்ல கண்ணைக் கெடுத்துக்கினு இருக்கிறவங்களே, நீங்க பட்டதைத்தான் நானும் பட்டேன். ஆனா கீழே சொல்றதுல ஒண்ணு, நான் பட்டது இல்லை, இன்னொருத்தரைப் பட வெச்சது.

மொட்டை

நகரியில தறி ஓட்டுற முனுசாமி அண்ணன் பென்சனுக்கு வந்தார். நூலைப் பிடிச்சுப் பிடிச்சு விரல்ல ரேகையே தேஞ்சு போச்சு. எத்தனை தடவை வெச்சாலும் மிஷின் எடுக்காது. "கவலைப்படாதண்ணா, இப்பல்லாம் முகத்தைக் காட்டினாலே போதும்"னு பெருமையா போனை நீட்டினேன். மூணு தடவை காட்டினோம், மூணு தடவையும் 'பொருந்தவில்லை'ன்னு வந்துது. வாசல் வெளிச்சத்துல நிக்க வெச்சேன், சட்டைக் காலரைச் சரி பண்ணேன். ஒண்ணும் நடக்கலை.

அப்புறம்தான் ஆதார் கார்டுல இருக்கிற படத்தைப் பார்த்தேன். குடும்பத்தோட திருமலைக்குப் போய் மொட்டை போட்டு, மீசையும் எடுத்து, அந்த வாரமே படம் எடுத்திருக்கார். இப்ப எதிர்ல நிக்கிற ஆளுக்குத் தலை நிறைய முடி, கன்னம் முழுக்கக் கிருதா. எனக்கே ரெண்டும் ஒரே ஆள்னு நம்ப முடியலை. புதுப் படம் எடுத்து மாத்தணும்ணான்னு சொன்னேன். அவர் தலையைத் தடவிக்கினே கேட்டார்.

"அப்போ வருசா வருசம் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வந்தாத்தான் கவர்மெண்டுக்கு என்னை அடையாளம் தெரியுமா?"

குவைத்துல இருந்து ஆறு எண்

கஸ்தூரிங்கிற அம்மாவுக்கு மகளோட காலேஜுக்காக வருமானச் சான்றிதழ் வேணும். அவங்க கார்டுல இருக்கிறது புருசனோட நம்பர். அவர் குவைத்துல வண்டி ஓட்டுறார். ஓடிபி அங்கே போகும், பத்து நிமிசத்துல செத்துப் போகும். முதல் தடவை அவர் வண்டியில இருந்தார். ரெண்டாவது தடவை சிக்னல் இல்லை. மூணாவது தடவை எண்ணைத் தப்பாச் சொன்னார். நாலாவதுலதான் காரியம் முடிஞ்சுது. எனக்கு மண்டை காய்ஞ்சு போச்சு. அந்த அம்மா மட்டும் சிரிச்ச முகமாவே எழுந்திரிச்சாங்க.

"மாசத்துக்கு ஒரு தடவை பேசுற மனுசன், இன்னைக்கு நாலு தடவை பேசினாரு. வேற எதனா தரகாஸ்து, விண்ணப்பம் இருந்தா அதையும் போடுண்ணா."

என் சாமர்த்தியம்

அன்னைக்குத்தான் நான் ஒரு முடிவு பண்ணேன். இனிமே புது விண்ணப்பம் எதுவானாலும் 'மொபைல் நம்பர்'ங்கிற கட்டத்துல என் நம்பரையே போட்டுடறதுன்னு. ஓடிபி என் கைக்கே வரும், வேலை சட்டுனு முடியும். நீங்களும் இதைத்தானே செய்றீங்க, தெரியாத மாதிரி முகத்தை வெச்சுக்காதீங்க.

அப்படி ஒரு திங்கள்கிழமை, கடையில பத்துப் பேர் நிக்கிறப்போ, தேவராஜ் வந்தார். நாராயணவனத்துக்காரர். ரெண்டு கண்ணும் தெரியாது. பி.எட். முடிச்சுட்டு டியூஷன் எடுக்கிறார். வாத்தியார் வேலைக்கு விண்ணப்பம் வாங்கிக்கினு இருந்த நேரம். அதுக்கு அவரோட ஊனச் சான்றிதழைப் புதுசாக்கணும். பழசு செல்லாது. ஆஸ்பத்திரியில டாக்டரைப் பார்க்க ஆன்லைன்ல பதிஞ்சா, தேதி மெசேஜ்ல வரும். பாதி வேலையை அவரே தன் போன்ல முடிச்சுட்டு வந்திருந்தார். அந்தப் போன் தெலுங்குல மடமடன்னு படிச்சுக் காட்டின வேகத்துல எனக்கு ஒரு வார்த்தை புரியலை, அவருக்கு எல்லாம் புரிஞ்சுது. வேலை நின்னது ஒரே இடத்துலதான், அந்தப் போனால படிக்க முடியாத இடம். கோணல் மாணலா நாலு எழுத்துப் படம், 'நீங்கள் இயந்திரம் இல்லை என நிரூபிக்கவும்'னு. "நான் மனுசன்தான்னு சொல்ல இன்னொரு மனுசனைக் கூப்பிட வேண்டியிருக்கு"ன்னார், சாதாரணமா. எனக்குச் சங்கடமா இருந்துது.

சங்கடத்துல உதவி பண்ற வேகம் ஒண்ணு வரும் பாருங்க, அது பொல்லாதது. "நீங்க உட்காருங்க சார்"னு சொல்லிட்டு, என் கம்ப்யூட்டர்லயே முதல்ல இருந்து எல்லாத்தையும் போட்டேன். நம்பர் கட்டத்துல பழக்கதோசத்துல என் நம்பர் போய் விழுந்துது. அவர் கிளம்புறப்போ கேட்டதுக்கு, நான் அடுத்த ஆளோட ரேஷன் கார்டைப் பார்த்துக்கினே 'ம்'னேன்.

"என் நம்பரைப் போட்டுட்டீங்கல்லண்ணா? மெசேஜ் வந்தா என் போனே படிச்சுச் சொல்லிடும்."

திருப்பதியில கொடுத்த தேதி

மூணு வாரம் கழிச்சு தேவராஜ் மறுபடி வந்தார். "இன்னும் தேதி வரலைண்ணா. வேலைக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி"ன்னார். அவர் பேரைத் தட்டிப் பார்த்தேன். தேதி எப்பவோ கொடுத்தாச்சு. திருப்பதி ஆஸ்பத்திரி, காலைல பத்து மணி, போன வியாழக்கிழமை. என் போனை எடுத்தேன். யார் யாரோட பென்சனோ, யார் யாரோட ரேஷனோ, திறக்காத மெசேஜ் மலை மாதிரி கிடந்துது. நடுவுல அவரோடதும் இருந்துது. பொய் சொல்லத் தோணுச்சு, சர்வர் மேல பழி போட்டா யாரும் கேக்கமாட்டாங்க. ஆனா அவர் முகத்தை என் பக்கமே வெச்சுக்கினு காத்திருந்தார். உண்மையைச் சொல்லிட்டேன்.

மறுநாள் அவரை வண்டியில உட்கார வெச்சுத் திருப்பதிக்குக் கூட்டிப் போனேன். கெஞ்சினேன். பதிவு இல்லாம கம்ப்யூட்டர் பேரையே எடுக்காது, மறுபடி பதியுங்கன்னாங்க. பதிஞ்சாலும் அடுத்த தேதி வர ரெண்டு மாசம் ஆகும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகாது. அந்த வேலைக்கு அவர் விண்ணப்பிக்கவே முடியலை. ரேணிகுண்டா வழியா திரும்பி வந்தோம். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில புதுப் பதிவுக்கு வந்து, என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கினு சொன்னார்:

"நம்பரை நானே அடிக்கிறேன்ணா. நீங்க அந்த நாலு எழுத்தை மட்டும் படிங்க."

எல்லாச் சேவையையும் ஆன்லைன்ல கொண்டாந்து வெச்சுட்டாங்க, நடுவுல உட்கார்ந்திருக்கிற என்னைத்தான் இன்னும் யாரும் அப்டேட் பண்ணலை.