விலாசத்துக்கு வந்த தந்தி

அந்தத் துறையடித் தபால் கந்தோர் முந்தி ஒழுங்கில்லாத சந்தை மாதிரித்தான். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கடிதமெல்லாம் தேத்தண்ணிக் கடையில கிழமைக் கணக்காக் கிடக்கும். தந்தியை வழியில காணுற ஆரிட்டயாவது நீட்டிப்போட்டுப் போவாங்க. அறுபத்திமூணாம் ஆண்டு தபாலதிபர் அழகரத்தினம் வந்தார். காலையில எட்டு மணிக்கு எல்லாரும் வரிசையில நிக்க வேணும். ஒருத்தன் செய்த பிழையை மற்றவன் உரத்துச் சொல்ல வேணும். சொன்னவனுக்கு அவர் வாயால ஒரு மெச்சல்.

அந்த மெச்சலுக்கு ஏங்கிப் போனவர் தபாற்காரர் பஸ்தியாம்பிள்ளை. பாவம், பதினெட்டு வருஷம் பை சுமந்தும் ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாத மனிசன். ஒருநாள் இளந்தாரி வின்சன்ற், துறையில தோணிக்கு நிண்ட ஸைனம்புவைக் கண்டு, அவட தந்தியை அவட கையிலயே குடுத்திட்டான். மற்ற நாள் வரிசையில பஸ்தியாம்பிள்ளை சொன்னார்: "விலாசத்தில குடுக்கல்ல, ஐயா."

வின்சன்ற் ஸைனம்பு வீட்டுப் படலையில போய் நிண்டு மன்னிப்புக் கேட்க வேண்டியதாப் போச்சு. "என்ட கையிலதானே மனே தந்த!" எண்டு ஸைனம்பு கத்தினா. ஆர் கேட்ட? அண்டு தொடக்கம் கந்தோரில சட்டம் வந்தது: சொந்தக்காரன் கண்முன்னால நிண்டாலும் தந்தி விலாசத்துக்குத்தான்.

கந்தோர் நிமிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது. இரண்டு வருஷத்தில கடிதம் அண்டண்டைக்கே போய்ச் சேர்ந்தது. மேலிடத்துப் பாராட்டுப் பத்திரம் சுவரில தொங்கிச்சு.

அப்பதான் பஸ்தியாம்பிள்ளையிட ஒரே மகள் பீற்றிஸ் கொழும்பு ஆசுப்பத்திரியில படுத்தாள். கூடப் போன பெண்சாதி மக்டலின் சொல்லித்தான் போனா: "ஏதுமெண்டா தந்தி அடிக்கிறன், பின்னேர றெயில் கோச்சியைப் பிடிச்சிடுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி. பஸ்தியாம்பிள்ளை மேசையில கடிதங்களை ஊர் ஊராப் பிரிச்சுக்கொண்டிருந்தார். தந்தி எழுதுற கதிர்காமத்தம்பி ஒரு உறையை ஒட்டி, குனிஞ்ச தலை நிமிராமல் வின்சன்ற்றிட்ட நீட்டினான்.

"எனக்கு ஏதும் வந்ததோ தம்பி?" எண்டு கேட்டார் மனிசன். அந்த அறையில நாலு பேருக்கு வாய் இருந்தது. நாலு பேருக்கும் நாளைய வரிசைக்குப் பயம். வின்சன்ற் அவரைத் தாண்டிப் போய்ச் சைக்கிளெடுத்து, இரண்டு மைல் மிதிச்சு, பூட்டிக் கிடந்த அவர்ட வீட்டுக் கதவுக்குக் கீழே துண்டு போட்டுத் திரும்பினான்: 'தந்தி வந்தது. ஆளில்லை. கந்தோரில் பெறவும்.'

வாவிக்கு அங்கால கடிதம் குடுத்திட்டு ஆறு மணிக்கு வீடு வந்தவர் துண்டைக் கண்டார். ஓடி வந்து பார்த்தா, கந்தோர் பூட்டு. கோச்சியும் போயிட்டு. கந்தோர்ப் பின்வளவில குடியிருந்த அழகரத்தினம் யன்னலால சொன்னார்: "காலையில எட்டு மணிக்கு வாங்க."

எட்டு மணிக்குத் துண்டை நீட்டி வாங்கினார். 'பீற்றிஸ் உங்களைத்தான் கேக்கிறா. உடனே வாங்க.' அவர் அதை மடிக்க முந்தியே தந்திப் பெட்டி திரும்பவும் தட்டத் தொடங்கிற்று. கதிர்காமத்தம்பி எழுதினான், அதே விலாசத்துக்கு, பீற்றிஸ் இறந்திட்டா எண்டு. உறை வின்சன்ற்றிட்ட போச்சு.

"தம்பி, தந்திடு ராசா."

"விலாசத்துக்குத்தானே அண்ணன். வீட்ட போங்க, பின்னால கொண்டு வாறன்."

அழகரத்தினம் தலையாட்டினார். பாவி மனிசர், ஒருத்தனும் அசையல்ல. பஸ்தியாம்பிள்ளை இரண்டு மைல் மிதிச்சுப் போய், கதவைத் திறந்து, வாசலில நிண்டார். வின்சன்ற் வந்து புத்தகத்தை நீட்ட, நேரத்தையும் போட்டு, கையெழுத்தும் வைச்சுத்தான் வாங்கினார்.