சூசையண்ணன் தேர்ந்த அம்பிளிஃபயர்

சூசையண்ணன் போய்விட்டார் என்று சொல்ல அவருடைய மகள் செலின் மூன்று தரம் போன் எடுத்திருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. என் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விலை கூடிய அம்பிளிஃபயரில் பாட்டைப் போட்டுவிட்டு, பாடகி மூச்சு எடுப்பது கேட்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் மனைவிதான் வந்து போனைக் கையில் வைத்தாள்.

எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் படகு எஞ்சின் திருத்திய சூசையண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். அவரைப் பற்றி நான் சொல்லிச் சிரித்துத் திரிந்த பகிடியும் தெரிந்திருக்கும். அந்தப் பகிடியைத் திருப்பி எடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பைத் தாண்டாத நான், அம்பிளிஃபயர் விஷயத்தில் மட்டும் போனைப் பார்த்தே பண்டிதனானவன். "பாட்டுக் கேக்க ஒண்டு வாங்கவேணும் தம்பி, எது நல்லது?" என்று சூசையண்ணன் கேட்டதும் எனக்குத் தலை கனத்துவிட்டது. ஒரு ஞாயிறு பூசை முடிய நாலைந்து பேரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பஜாரில் வாங்கிய மலிவுப் பெட்டி ஒன்று, பக்கத்து வீட்டு ஆசிரியரின் நடுத்தர விலைப் பெட்டி ஒன்று, என்னுடையது ஒன்று. மூன்றையும் கட்டில் விரிப்பால் மறைத்தோம். ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. வயர் மாற்றியது மனைவி.

முதலாவதில் அடிச்சத்தமே இல்லை, காதைக் கீறியது. இரண்டாவது உருண்டு திரண்டு வந்தது. மூன்றாவதில் மேளம் ஓய்ந்த இடத்தில் ஓர் அமைதி இருந்தது. இது இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் இரண்டாவதைக் காட்டி, "இதுதான் என்ர" என்று அடித்துச் சொன்னேன்.

சூசையண்ணன், "முதலாவது. அதிலதான் சொல் விளங்குது" என்றார்.

மனைவி விரிப்பைத் தூக்கினாள். முதலாவது பஜார்ப் பெட்டி, இரண்டாவது ஆசிரியருடையது, மூன்றாவதுதான் என்னுடையது. "தன்ர பெட்டியையே இவருக்கு அடையாளம் தெரியேல்லை" என்றாள். சிரிப்பு என் பக்கம் வருமுன் நான் முந்திக்கொண்டேன். "நான் ஒரு படிதான் இறங்கினனான். அண்ணன் கிணத்துக்கையெல்லோ விழுந்திட்டார். எஞ்சின் கேட்ட காதுக்குத் தகரம்தான் சங்கீதம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மற்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்தி.

கோயில் வளவில், கலியாண வீடுகளில், என் பங்கை வெட்டிவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் அந்த மலிவுப் பெட்டியையே வாங்கினார். ஞாயிறுகளில் என் வீட்டுக்குப் பாட்டுக் கேட்க வருவதை நிறுத்தினார். கோபம் என்று நினைத்தேன். ஒருநாள் கோயில் வாசலில், "உன்ர பெட்டி நல்லதுதான் தம்பி. எனக்குத்தான் அதில சொல் விளங்கேல்லை" என்றார். அதையும் பகிடிக்கு வாலாக ஒட்டிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்தபின் செலின் சொன்னாள்: "அப்பாவுக்குக் காது அரைவாசிதான் அங்கிள். எஞ்சினோட நிண்டு நிண்டு போனது. கூர்ச் சத்தமெண்டாத்தான் சொல் பிடிபடும். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவர்."

"என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"உங்களிட்டையோ அங்கிள்?" என்றாள்.

பிறகு உள்ளே போய் அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து தந்தாள். "அவற்ர ஞாபகமா வைச்சிருங்கோ."

வீட்டில் ஸ்பீக்கரோடு பூட்டிப் பார்த்தேன். கூர்ச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழ் வலப்பக்கம் முடியுமட்டும் திருகியிருந்தது. காது வலித்தது. ஆனால் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து நின்றது. இரண்டு தரம் குமிழுக்குக் கை போனது, திருப்பவில்லை. இப்போது ஞாயிறுகளில் வருகிறவர்களுக்கு அதில்தான் ஒரு பாட்டுப் போடுகிறேன். முகத்தைச் சுளிக்கிறார்கள். பாட்டு முடிந்ததும், தன் பெட்டியையே அடையாளம் தெரியாமல் நின்ற ஒருவனின் கதையை முழுதாகச் சொல்கிறேன்.