கடைசி வரி எழுதுகிறவள்

‘பிழை ஏற்பட்டது’ என்ற வரியைத் திரையில் கண்டால் றஜிதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவாள். “உதை ஆர் எழுதினது? செத்தவீட்டு வாசல்லை நிண்டுகொண்டு ‘ஆரோ செத்துப்போச்சினம்’ எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு. ஆர், எங்கை, எப்பிடி? அதைச் சொல்லடா!” எழுதிய கோகுலன் அடுத்த மேசையில் தலையைக் குனிந்துகொள்வான். “அக்கா, அது சும்மா ஒரு லொக் தானே” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அதற்கு அவள் சொன்ன பதில் கீழ்மாடியில் ரியூசனுக்கு வந்திருந்த பிள்ளைகளுக்கும் கேட்டது.

நல்லூரில் அந்த ரியூசன் நிலையத்தின் மேல்மாடிதான் அவர்களுடைய சின்ன மென்பொருள் நிறுவனம். றஜிதாவுக்கு நாற்பது நெருங்குகிறது, ஊர் குருநகர். மீன்பிடிப் படகுகளில் பூட்டும் ஒரு பெட்டிக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. படகு நிற்கும் இடத்தைப் பெட்டி வானொலி அலையில் கரைக்குச் சொல்லும். கரையில் ஒரு திரையில் புள்ளி நகரும். ஆபத்து நேரத்தில் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. உள்ளே ஓடுவது நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட நிரல். வேகமானது, ஆனால் தடுக்கி விழுந்தால் ஏந்திப் பிடிக்க அடியில் எதுவும் இல்லை.

ஓடுகிற நிரல் தான் செய்வதை வரிவரியாகக் குறித்துக்கொண்டே போகும். அதைத்தான் லொக் என்கிறார்கள். வழக்கமான லொக், வரிகளை நினைவகத்தில் கொஞ்சம் சேர்த்து வைத்துப் பிறகு மொத்தமாக வெளியே தள்ளும். நிரல் திடீரென்று விழுந்தால் சேர்த்து வைத்ததும் கூடவே போய்விடும். நமக்கு வேண்டிய வரி எப்போதும் அதற்குள்தான் இருக்கும். றஜிதா அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே ஒன்றை எழுதினாள். விழுகிற கணத்தில் நிரலுக்கு ஒரு கடைசி மூச்சு கிடைக்கும். அந்த மூச்சில் ஒரு வரியைக் கரைக்கு அனுப்பிவிட்டுப் பெட்டி தன்னைத் தானே மறுபடி எழுப்பிக்கொள்ளும். அப்போது எதையும் கேட்கக்கூடாது என்பது அவளுடைய சட்டம். முக்கியமாக, நினைவகத்தில் இடம் கேட்கக்கூடாது. இடம் பங்கிடுகிற பகுதியே அந்த நேரம் குழம்பிக் கிடக்கலாம்; கேட்டால், பதிலுக்குக் காத்துக் காத்து அப்படியே உறைந்துபோக வேண்டியதுதான். “கேக்காதை. சொல்லிப்போட்டுப் போ” என்பாள் கோகுலனிடம்.

வீட்டிலும் இதே கதைதான். தொலைபேசியில் “சாப்பிட்டாச்சோ, அங்கை மழையோ” என்று தொடங்குகிறவர்களை “விஷயத்தைச் சொல்லுங்கோ” என்று வெட்டிவிடுவாள். அவளுடைய கணவன் லெனாட் கடலில் இறந்துபோனபோது, சேதி சொல்ல வந்தவர் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு முற்றத்து மாமரம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்றார். வெறும் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு றஜிதா அவர் வாயையே பார்த்தபடி நின்றாள்.

பெட்டி முதன்முதலில் ஏறியது அவளுடைய அண்ணன் வின்சன்றின் படகில். கடைசி வரியில் படகின் இலக்கம் மட்டும் இருப்பதைக் கண்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இலக்கம் குத்த அதென்ன மாடோ? பேர் வைச்சு, பாதர் ஆசீர்வதிச்சு இறக்கின போட்டடி!” மறுநாளே வரியில் ‘அந்தோனியார் துணை’ என்ற பெயர் ஏறியது.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கியிருந்த நாட்களில் ஒரு காலை. குருநகர்ப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. திரையில் வின்சன்றின் புள்ளி இரவே நின்றுபோயிருந்தது. அவருடைய மனைவி லவீனா தொலைபேசியில் எடுத்த எடுப்பில் சொன்னாள்: “மச்சாள், உங்கடை அண்ணை வரேல்லை.”

றஜிதா கடற்றொழிலாளர் சங்கத் தலைவரை அழைத்தாள். அவர் சிரித்தார். “பயப்பிடாதை பிள்ளை. மீன் கண்ட இடத்தை ஆரும் மற்றவைக்குக் காட்டுவினமோ? பெட்டியை அணைச்சு நூத்துப்போட்டுக் கள்ளமா நிக்கிறான்.”

“பெட்டி விழுந்திருந்தா?”

“விழுந்தா சொல்லிப்போட்டுத்தான் விழும் எண்டு சங்கத்திலை நிண்டு சத்தியம் பண்ணினது நீதானே? வரி வந்ததோ? வரேல்லை. அப்ப அவன்தான் நூத்தது.”

சும்மா தேடிப் போய் எண்ணெயை எரிக்க ஒருவரும் தயாரில்லை. மத்தியானம் திரும்பினால் காற்று எழும்பிவிடும். அதற்குப் பிறகு நினைத்தாலும் போக முடியாது. அவள் கொடுத்த வாக்கை நம்பித்தான் எல்லோரும் கரையில் இருந்தார்கள்.

மேசையில் இருந்த, அதே மாதிரியான இன்னொரு பெட்டியை றஜிதா முன்னால் இழுத்தாள். கடைசி வரியை எழுதும் பகுதியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. அந்தோனியார் துணை. பெயரை வரியோடு ஒட்டுவதற்கு நினைவகத்தில் இடம் கேட்டிருந்தாள். கோகுலன் அல்ல, அவளேதான்.

நிரல் இடம் வாங்கும் நேரம் பார்த்து அதை விழுத்தினாள். வரி வந்தது. மறுபடியும் விழுத்தினாள். மறுபடியும் வந்தது.

“அக்கா, பெட்டி நல்லாத்தானே வேலை செய்யுது?”

“வாயை மூடு.”

விழுத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒருமுறை வரி வரவில்லை. பெட்டி மறுபடி எழும்பவும் இல்லை. அதன் பச்சை விளக்கு மட்டும், ஒன்றுமே நடக்காததுபோல, எரிந்துகொண்டிருந்தது.

சங்கத் தலைவரை மறுபடி அழைத்தாள். “அண்ணை நூக்கேல்லை. விழுந்தா சொல்லும் எண்டு நான் சொன்னது பிழை. புள்ளி நிண்ட இடத்திலையிருந்து காத்து தள்ளுற பக்கமாப் போட்டை விடுங்கோ.”

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “யோசிச்சுச் சொல்லு பிள்ளை. பிறகு ஒருத்தனும் உன்ரை பெட்டியை ஏத்தான்.”

“ஏத்த வேண்டாம். போட்டை விடுங்கோ.”

அவள் குருநகர் இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று எழும்பியிருந்தது. லவீனா கவிழ்த்த மீன்பெட்டி ஒன்றின்மேல் இருந்தாள். றஜிதா அவள் பக்கத்தில் இருந்துகொண்டாள். நெடுநேரம் கழித்து இரண்டு படகுகள் தெரிந்தன. பிறகுதான், பின்னதன் வாலில் கயிற்றால் கட்டிய மூன்றாவது தெரிந்தது.

வின்சன்றின் முகத்தில் உப்புப் பூத்திருந்தது. “இஞ்சின் நிண்டிட்டுது. உடனை சிவப்பை அமத்தினன். பாத்தா, பச்சை வடிவா எரிஞ்சுகொண்டு நிக்குது. சரி, றஜி கண்டிட்டாள், இனி என்ன பயமெண்டு நித்திரையும் கொண்டிட்டன்.”

“நித்திரையோ!” லவீனா அவர் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“இனி ஏன் இது எரியவேணும்?” என்று வின்சன்ற் பெட்டியின் விசைக்குக் கை நீட்டினார்.

“நூக்காதேங்கோ!”

றஜிதா செருப்போடு தண்ணீரில் பாய்ந்து படகில் ஏறினாள். எப்படி விழுந்தது, எங்கே உறைந்தது என்பதெல்லாம் இன்னும் அந்தப் பெட்டியின் நினைவகத்தில் இருந்தது, நிறுத்தினால் அழிந்துவிடும். விசையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“பாத்தியளே! அண்ணன்காறன் வந்து சேர்ந்தது பெரிசில்லை, இவளுக்குப் பெட்டிதான் பெரிசு” என்றார் வின்சன்ற் கரையைப் பார்த்து.

அவளுடைய ஒரு கை விசையை மூடியிருந்தது. மற்றக் கை அவருடைய ஈரச் சட்டையின் நுனியைப் பிடித்து, விரல்களுக்குள் சுருட்டி இறுக்கியிருந்தது. இறங்கி வரச்சொல்லிக் கரையிலிருந்து எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் இரண்டு கையையும் எடுக்கவில்லை.